பதமும் பிழையும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலராசிரியர் கேட்டபோது, தமிழாசிரியனாகிய என்னிடம் அவர் எதனை எதிர்பார்த்தார் என்பதை நான் நன்கு அறிவேன். "நம் கல்லூரியும் தமிழ் வளர்ச்சியும்" என்றோ, "மாணவரும் ஒழுக்கமும்" என்றோ தலைப்பிட்டு ஏழெட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்திருந்தால் அவரும் மகிழ்ந்திருப்பார், நானும் தப்பியிருப்பேன். அத்தகைய கட்டுரைகள் சிலவற்றை முன்னைய மலர்களில் எழுதியுமிருக்கிறேன். அவற்றை எவரேனும் இறுதிவரை படித்தனரா என்பது எனக்குத் தெரியாது. ஆகவே இம்முறை, எனக்கு உண்மையாகவே நிகழ்ந்த ஒன்றைச் சொல்லத் துணிந்தேன். அது ஒரு சிறிய சொக்கலேற் கேக்கைப் பற்றியது.

தமிழாசிரியனுக்கும் கேக்குக்கும் யாது தொடர்பு என்று பழைய மாணவ அன்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். பொறுமையோடு வாசித்து வருவார்களாயின், அக்கேக்குக்கும் நம் கல்லூரிக்கும் உள்ள தொடர்பு போகப் போக விளங்கும்.

2024ஆம் ஆண்டில் என் மகளுக்குப் பத்து வயது நிறைந்தது. பிறந்தநாள் ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. ஆண்டுதோறும் கடையில் ஒரு கேக் வாங்கி, அயலிலுள்ள பிள்ளைகளை அழைத்து வெட்டுவது எங்கள் வழக்கம். அவ்வாண்டு என் மனைவி, வவுனியாவில் நோயுற்றிருந்த தம் தாயாரைப் பராமரிக்கச் சென்றிருந்தார். வீட்டில் நானும் மகளும் மாத்திரமே இருந்தோம். பிறந்தநாளுக்கு மூன்று நாட்களின் முன், இரவுச் சாப்பாட்டின்போது அவள் மெல்லச் சொன்னாள்:

"இந்தமுறை பெரிய கேக் வேண்டாம் அப்பா. சின்னதாய் ஒண்டு, சொக்கலேற் போட்டு, மேலே ஐசிங்கும் பூசி, நீங்களே செய்து தாங்கோவன்."

"நானோ? எனக்குத் தேநீர் போடவே கொம்மா விடமாட்டாவே" என்றேன்.

"எங்கடை வகுப்பிலை எல்லாரும் அம்மா செய்த கேக் கொண்டு வருவினம். அப்பா செய்த கேக்கை ஒருத்தரும் இன்னும் கொண்டுவரேல்லை" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் நான் அகப்பட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமையாதலின் எங்கள் வீட்டில் முட்டை ஆகாது. தொலைபேசியில் மனைவியிடம் யோசனை கேட்டேன். அவர் சிறிது நேரம் சிரித்துவிட்டு, தாம் பள்ளியில் மனைப்பொருளியல் படித்த காலத்துக் குறிப்பேடு அலுமாரியின் மேற்றட்டில் இருக்கிறதென்றும், அதில் முட்டை சேராத கேக் ஒன்றின் செய்முறை உண்டென்றும் சொன்னார். மஞ்சள் படிந்த அக்குறிப்பேட்டை எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தேன். கோதுமை மா 100 கிராம், சீனி 100 கிராம், கொக்கோத் தூள் 2 மேசைக்கரண்டி, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, மரக்கறி எண்ணெய் 3 மேசைக்கரண்டி, வினாகிரி ஒன்றரைத் தேக்கரண்டி, வனிலா சில துளி, நீர் 120 மில்லிலீற்றர். 6 அங்குலத் தட்டு, 180 பாகைச் சூடு, 30 நிமிடம். அவ்வளவே. இதிலே தவறுவதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணினேன்.

அவ்வாறு நான் எண்ணியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. என் தாயார் இதனினும் கடினமான ஒன்றைச் செய்ததை நான் கண்ணாற் கண்டிருக்கிறேன். 1993ஆம் ஆண்டு, எனக்குப் பதின்மூன்று வயது. 1990 முதல் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் துளித்துளியாக எண்ணப்பட்ட காலம். ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிலே நாங்கள் படித்தோம். நம் பழைய மாணவரில் என் வயதினர் எவரும் அவ்விளக்கின் புகை மணத்தை மறந்திருக்கமாட்டார். அவ்வாண்டு பரிசளிப்பு விழாவில் எனக்குத் தமிழில் முதற்பரிசு கிடைத்தது. அதனைக் கொண்டாட அம்மா ஒரு ரவைக் கேக் செய்தார். அதற்காக வீட்டில் எல்லோரும் ஒரு மாதம் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்துச் சீனியைச் சேமித்தோம். பெரிய தாச்சியிலே மணலைப் பரப்பி, அதன்மேல் கேக் தட்டை வைத்து, தகர மூடியால் மூடி, கீழே விறகுச் சூடும் மூடியின்மேற் சிரட்டைத் தணலுமாக இட்டார். மணிக்கூடு பார்க்கவில்லை, திறந்து பார்க்கவுமில்லை. அடுப்படியில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர், திடீரென்று முகத்தை நிமிர்த்தி, "பதம் வந்திட்டுது" என்று சொல்லித் தணலை வாரி எடுத்தார். மணத்தைக் கொண்டே பதத்தை அறிந்திருந்தார்.

பதம் என்பது எத்துணை அரிய சொல்! இலக்கணத்திலே பதம் என்றால் சொல். பகுபதம், பகாப்பதம் என்று நான் இருபதாண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். சமையலிலே பதம் என்றால் ஒரு பண்டம் தான் ஆகவேண்டிய நிலைக்குச் சரியாக வந்து சேர்தல். முதற் பதத்தை நான் அறிந்தவன். ஆதலால் மற்றைப் பதமும் கைவரும் என்று கருதிவிட்டேன்.

சொக்கலேற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அஃது அந்நிய நாட்டுப் பொருள் என்று நாம் எண்ணுகிறோம். ஆயினும் கொக்கோ மரம் நம் நாட்டிலே மாத்தளை, கண்டி, குருநாகல் மாவட்டங்களில் வளர்கிறது. ஆசிரியர் சுற்றுலா ஒன்றின்போது மாத்தளைப் பக்கத்தில் அம்மரத்தைக் கண்டேன். பலாவைப்போல அடிமரத்திலேயே காய்கள் ஒட்டிக் காய்த்திருந்தன. தாவர நூலார் லின்னேயசு 1753இல் அதற்கு இட்ட பெயரின் பொருள் 'தேவர் உணவு' என்பதாம். அவ்வித்தின் கொழுப்பைப் பிழிந்து நீக்கித் தூளாக்கும் வழியை 1828இல் ஒல்லாந்து நாட்டு வான் ஹௌட்டன் குடும்பத்தார் கண்டனர். அதன் பின்பே கொக்கோத் தூள் சாதாரண அடுக்களைகளுக்கும் வந்து சேர்ந்தது. முட்டை, பட்டர், பால் ஆகிய மூன்றும் அருமையாயிருந்த 1930களின் மந்த காலத்திலும், பின்னர் உலகப்போர்க் காலத்திலும், வினாகிரியையும் சோடாவையும் கொண்டு அவை இல்லாமலே கேக் செய்யும் முறை அமெரிக்க வீடுகளிற் பரவியது. என் மனைவியின் குறிப்பேட்டில் இருந்ததும் அம்முறையே. ஆகவே இல்லாமையிற் பிறந்த கேக்குகள் நம் ஊருக்கு மட்டும் உரியவை அல்ல.

இனி என் முயற்சிகளின் வரலாறு. புதன்கிழமை மாலை முதற் கேக்கைச் செய்தேன். அலுமாரியில் இரு சிறு டப்பாக்கள் இருந்தன. இரண்டிலும் வெண்ணிறத் தூள். ஒன்று அப்பச்சோடா, மற்றையது பேக்கிங் பவுடர். இரண்டும் ஒன்றே என்று எண்ணி, கைக்கு முதலில் அகப்பட்ட பேக்கிங் பவுடரை இட்டேன். அதன்மேல், நன்றாகக் கலந்தால் நன்றாக வரும் என்ற நம்பிக்கையிற் கால்மணி நேரம் மாவை ஓயாது அடித்தேன். முப்பது நிமிடத்தின் பின் மின்போறணையிலிருந்து வெளிவந்த பொருள், எங்கள் பழைய வகுப்பறைத் தளத்தின் செங்கல்லை ஒத்திருந்தது. மகள் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "மணம் நல்லாயிருக்கு அப்பா" என்றாள். மணத்தைத் தவிரப் பாராட்டுதற்கு அவளுக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை இரண்டாவது கேக். இம்முறை டப்பாவின் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்து அப்பச்சோடாவையே இட்டேன். மாவைக் குழைத்து முடித்த வேளையிற் படலையில் ஒருவர் அழைத்தார். சனசமூக நிலையக் கூட்டத்தைப் பற்றிப் பேச வந்தவர் அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனார். திரும்பி வந்து தட்டைப் போறணைக்குள் வைத்தேன். முதற் கேக் எழும்பாமற் போன அச்சத்தினால், இது எழும்புகிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து திறந்து பார்த்தேன். ஓரங்கள் சற்று உயர்ந்தன. நடுப்பாகமோ மழைக்குப் பின் ஒழுங்கையில் விழுந்த குழிபோல இறங்கிக் கிடந்தது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதிருந்ததே எனக்கு வருத்தமாயிருந்தது. கடையிலேயே வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தியிலுள்ள வெதுப்பகத்துக்குப் போனேன்.

முட்டை சேராத கேக் முன்கூட்டிச் சொல்லி வைத்தாலன்றிக் கிடையாது என்று கடையில் நின்ற பெண் சொன்னாள். நான் திரும்பும் வேளையில், உள்ளே போறணைப் பக்கமிருந்து ஓர் இளைஞர் கைகளைத் துடைத்தவாறு வெளியே வந்தார். தலையிலும் புருவத்திலும் மா படிந்திருந்தது.

"சேர்! என்ன சேர் இந்தப் பக்கம்?"

எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. தெரிந்தவர்போலத் தலையசைத்தேன். ஆசிரியர்களாகிய நாம் எல்லோரும் செய்வதுதான் இது. கேக் கதையைக் கேட்டதும் அவர் சிரிக்கவில்லை. "எட்டு மணிக்கு எனக்கு வேலை முடியும் சேர். வீட்டை வாறன். பிள்ளைக்கு வாக்குக் குடுத்திட்டியள், அதை விடக்கூடாது" என்றார். நான் வேண்டாமென்று மறுத்தும் கேட்கவில்லை.

சொன்னபடி எட்டரை மணிக்கு வந்தார். வந்தவர் முதலிற் கேட்டது, கெட்டுப்போன கேக்குகள் எங்கே என்பதை. நான் அவற்றைக் கொட்டுவதற்காக ஒரு பழைய பத்திரிகையிற் சுற்றி வைத்திருந்தேன். அவர் அதனை விரித்து, இரண்டையும் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தை விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தார். விரலால் அழுத்திப் பார்த்தார். பின் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை வாயிலிட்டு மென்று விழுங்கினார். எனக்கோ நாணமாயிருந்தது.

"ருசி பிழையில்லை சேர். முதலாவதிலை சோடாவுக்குப் பதிலாய் பவுடர் போட்டியளோ? கனக்கவும் அடிச்சுப்போட்டியள். ரெண்டாவது நல்லாய்த்தான் குழைச்சிருக்கு. ஆனால் குழைச்ச மாவை வச்சுக்கொண்டு நிண்டிட்டியள் போலை. பிறகு கதவையும் திறந்து பாத்திருக்கிறியள்."

அருகே நின்று பார்த்தவர்போலச் சொன்னார். காரணங்களையும் விளக்கினார். சோடாவும் புளிப்பும் ஈரத்திற் சேர்ந்தவுடனேயே காபனீரொட்சைட்டு வாயு பிறக்கத் தொடங்கிவிடும். அந்தக் குமிழிகளே கேக்கைத் தூக்குவன. தாமதித்தால் அவை வெளியேறிவிடும். பேக்கிங் பவுடரில் சோடாவோடு உலர்ந்த அமிலமும் மாப்பொருளும் கலந்திருப்பதால், சோடாவின் அளவிலே அதனை இட்டால் வலுப் போதாது. சூட்டில் மா இறுகுமுன் கதவைத் திறந்தால், உள்ளே வெப்பம் இறங்கிக் குமிழிகள் சுருங்கும், நடு அமிழ்ந்துவிடும். மாவை அதிகம் அடித்தால் ஏன் கல்லாகிறது என்று நான் கேட்டேன்.

"வீட்டிலை புட்டுக்கு மா குழைக்கிறது பாத்திருப்பியள்தானே சேர்? கனக்கக் குழைச்சால் என்ன ஆகும்?"

"கட்டியாய்ப் போகும்."

"ரொட்டிக்கு?"

"ரொட்டிக்கு நன்றாகப் பிசைய வேண்டும். அப்போதுதான் இழுபடும்."

"அதுதான் சேர். பாணுக்கும் ரொட்டிக்கும் இழுவை வேணும். கேக்குக்கு அந்த இழுவை வரவிடக்கூடாது. மா நனைஞ்சால் போதும்."

கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் நான் பயிற்சி பெற்ற காலத்தில், அறிந்ததிலிருந்து அறியாததற்கு மாணவனை இட்டுச் செல்லவேண்டும் என்பதை எங்களுக்கு முதற் பாடமாகப் போதித்தார்கள். அதனைத் தேர்வுத் தாளிலே அழகாக எழுதி நல்ல புள்ளிகளும் பெற்றேன். என்னை அவ்வழியிலே நடத்திச் செல்லும் ஓர் ஆசிரியரை என் அடுக்களையிலே கண்டபோது, அப்பாடத்தை நான் எத்தனை நாட்கள் வகுப்பறைக்குள் கொண்டுபோகாமல் இருந்தேன் என்பது உறைத்தது.

மூன்றாவது கேக்கைச் செய்தோம், செய்தது நான், அவர் சொல்லிக்கொண்டு மட்டும் நின்றார். போறணையை முதலிலேயே சூடேற்றினோம். தட்டுக்கு எண்ணெய் தடவித் தாள் இட்டோம். உலர்ந்தவற்றை அரித்துக் கலந்து, ஈரமானவற்றை ஊற்றி, முப்பது நாற்பது சுற்றுக் கிண்டியவுடன் "போதும் சேர்" என்றார். இன்னும் சிறு கட்டிகள் தெரிகின்றனவே என்றேன். "தெரியட்டும்" என்றார். தட்டு உடனே உள்ளே போயிற்று. கதவை மூடி, அதன்முன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, என்னை அதில் இருத்தினார். "இனி அரைமணித்தியாலம் ஒண்டும் செய்யக்கூடாது சேர். சும்மா இருக்கவேணும். இதுதான் கரைச்சலான வேலை" என்றார்.

அந்த அரைமணி நேரத்திலேயே நான் இக்கட்டுரையை எழுதக் காரணமான பேச்சு நிகழ்ந்தது.

"தம்பி, நீர் எங்கள் கல்லூரியிற் படித்தது எந்த ஆண்டு?" என்று கேட்டேன்.

"2016இலை ஓ.எல். எடுத்தனான் சேர். உங்களுக்கு என்ரை பேர் ஞாபகம் இராது. 'வெல்லம்' எண்டால் ஞாபகம் வரும்" என்று சொல்லிச் சிரித்தார்.

நினைவு வந்தது. 2014ஆம் ஆண்டு, ஒன்பதாம் வகுப்பு. "என்னால் மறக்க முடியாத நாள்" என்று கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். ஒரு மாணவன், 'வெள்ளம்' என்று எழுதவேண்டிய இடமெல்லாம் 'வெல்லம்' என்று எழுதியிருந்தான். "இரவு வெல்லம் வந்தது. வெல்லம் வீட்டுக்குள் புகுந்தது." நான் அவனை எழுந்து நிற்கச் சொல்லி, அவ்விரு வரிகளையும் வகுப்பிற்கு உரத்து வாசித்தேன். "வெல்லம் வீட்டுக்குள் புகுந்தால் எறும்புகளுக்கன்றோ கொண்டாட்டம்!" என்றேன். வகுப்பே குலுங்கிச் சிரித்தது. நின்றவனும் சிரித்தான். லகர ளகர வேறுபாட்டை இனி ஒருவரும் மறக்கமாட்டார் என்று என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன். அதன்பின் வந்த வகுப்புகளிலும் அவ்வேடிக்கையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"பள்ளிக்கூடம் விடுமட்டும் என்னை வெல்லம் எண்டுதான் கூப்பிட்டவங்கள். அதுக்குப் பிறகு கட்டுரை எழுதேக்கை, எழுத்து நிச்சயமாய்த் தெரிஞ்ச சொல்லை மட்டும்தான் எழுதுவன் சேர். நாலைஞ்சு வரியோடை முடிஞ்சிடும்."

சாதாரண தரப் பரீட்சையில் அவர் தமிழிற் சித்தியெய்தவில்லை என்பதைப் பின்னர் கேட்டறிந்தேன். அதற்கு நானே காரணம் என்று சொல்ல எனக்குச் சான்றில்லை. நான் காரணமல்லேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

"அந்தக் கட்டுரையில் வேறு என்ன எழுதியிருந்தீர்?" என்று கேட்டேன்.

"மிச்சத்தை நீங்கள் வாசிக்கேல்லை சேர்" என்றார். குற்றஞ் சாட்டும் குரலாய் அது இருக்கவில்லை. நடந்ததைச் சொல்லும் குரலாகவே இருந்தது.

பின்பு அவரே மிகுதியைச் சொன்னார். 2008ஆம் ஆண்டு நவம்பரில் நிசா புயல் குடாநாட்டை வெள்ளக்காடாக்கிய இரவு அது. அப்போது அவருக்கு எட்டு வயது. அவருடைய தந்தையாரும் வெதுப்பகத் தொழிலாளரே. அவர்கள் குடியிருந்தது போறணைக்கு அருகிலிருந்த ஒரு கொட்டில். நள்ளிரவில் தண்ணீர் உள்ளே ஏறியது. தந்தையார் முதலில் மகனைத் தூக்கவில்லை. அங்கிருந்த கோதுமை மா மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய் மேட்டிலிருந்த கோயில் மண்டபத்தில் வைத்தார். பின்பே வந்து மகனைத் தோளில் ஏற்றினார். "என்னை விட்டிட்டு ஏன் மாவைத் தூக்கினியள்?" என்று மகன் அழுதிருக்கிறான். "நீ நனைஞ்சால் காய்வாய். மா நனைஞ்சால் நாளைக்கு ஊருக்குப் பாண் இல்லை" என்றாராம் தந்தையார். மறுநாட் காலையில், கோயில் மண்டபத்திலே கல்லடுப்பு மூட்டி, அந்த மாவில் ரொட்டி சுட்டு, அங்கே ஒதுங்கியிருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்களாம். அதுவே அச்சிறுவனுக்கு மறக்க முடியாத நாள். அதனையே அவன் எழுதியிருந்தான். இருபதாண்டு ஆசிரியப் பணியில் என் கைக்கு வந்த கட்டுரைகளில் இதனினும் சிறந்த ஒன்று எனக்கு நினைவில்லை. அதிலே நான் கண்டது ஓர் எழுத்து மாத்திரமே.

என் கெட்டுப்போன கேக்குகளை இவர் குப்பையிலிருந்து எடுத்து இறுதித் துண்டுவரை சுவைத்துப் பார்த்தார். இவருடைய கட்டுரையையோ நான் இரண்டாம் வரியோடு நிறுத்திவிட்டேன். வேறொன்றும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"தம்பி, அன்று நான் செய்தது பிழை. அதனை உம்மிடம் சொல்லப் பத்தாண்டு பிந்திவிட்டேன்" என்றேன்.

அவர் உடனே மறுமொழி சொல்லவில்லை. தலையைச் சற்று நிமிர்த்தி மூச்சை உள்ளே இழுத்தார். என் தாயார் அன்று அடுப்படியில் முகத்தை நிமிர்த்திய அதே விதம். "பதம் வந்திட்டுது சேர். இனித் திறக்கலாம்" என்றார்.

திறந்தோம். கேக் நடுவிலே மெல்லக் குவிந்து, கரும்பழுப்பாய், ஓரம் தட்டை விட்டுச் சற்றே விலகி நின்றது. நடுவிற் குத்திய ஈர்க்கு ஒட்டாமல் வந்தது. நித்திரையை விழுங்கிக்கொண்டு காத்திருந்த மகள் கை தட்டினாள். உடனே ஐசிங் பூசவேண்டும் என்று அடம்பிடித்தாள். "சூட்டிலை பூசினால் எல்லாம் வழிஞ்சு ஓடும் பிள்ளை. காலமை வரைக்கும் ஆறட்டும்" என்று அவளுக்குச் சொல்லிவிட்டு, ஐசிங்கின் அளவை எனக்கு ஒரு தாளில் எழுதித் தந்தார்: பட்டர் 50 கிராம், ஐசிங் சீனி 100 கிராம், கொக்கோ 2 மேசைக்கரண்டி, பால் ஒரு மேசைக்கரண்டி. பட்டர் இளக வேண்டும், உருகக்கூடாது என்பதை அடிக்கோடிட்டிருந்தார். அத்தாளில் எழுத்துப் பிழை இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. அது உண்மை. முதன்முறையாகப் பார்க்க மறந்தேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில், வெயில் ஏறுமுன், நானும் மகளும் அடுக்களையில் நின்று பட்டரைக் குழைத்தோம். ஐசிங் சீனியை அரித்துச் சேர்க்கச் சேர்க்க அது முதலில் மணல்போல உதிர்ந்து, பாலை விட்டவுடன் ஒன்றுகூடி மினுங்கியது. பூசும்போது ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போயிற்று. மகள் கரண்டியின் பிடியால் மேலே அலை அலையாகக் கோடிழுத்துக் குறையை மறைத்தாள். மாலையில் எட்டுப் பிள்ளைகள் வந்து ஐந்து நிமிடத்துக்குள் அக்கேக்கை முடித்துவிட்டார்கள். சிறு கேக்கின் சிறப்பு அதுவே. மிஞ்சிக் கிடந்து கெடுவதில்லை. ஒரு துண்டை மட்டும் நான் எடுத்து மூடி வைத்திருந்தேன்.

அத்துண்டுக்கு உரியவர் இரவு வந்தார். பிறந்தநாட் பிள்ளைக்கு ஒரு பை நிறையப் பணிசும் கொண்டுவந்திருந்தார். 2022ஆம் ஆண்டில் எரிவாயுவும் மாவும் கிடையாது வெதுப்பகங்கள் பல மூடிக்கிடந்த மாதங்களிலும், தாமும் தந்தையாரும் பழைய விறகுப் போறணையை மூட்டி, கிடைத்த மாவில் பாண் போட்டுக் கொடுத்த கதையைச் சொன்னார். மா மூட்டையைச் சுமந்தவரின் மகனல்லவா! கேக்கைச் சுவைத்து, "ஐசிங்குக்கு ஒரு சிட்டிகை உப்புப் போட்டிருக்கலாம் சேர், மற்றும்படி நல்லாய் வந்திருக்கு" என்றார். எந்தப் பரிசளிப்பு விழாவிலும் எனக்கு அத்துணை மகிழ்ச்சி உண்டானதில்லை.

என் மேசைமீது நம் விழாவின் அறிவித்தலும் பழைய மாணவர் சங்க அங்கத்துவப் படிவங்களும் இருந்தன. அவர் அவற்றைப் பார்த்தார். சிறிது தயங்கிப் பின் கேட்டார்:

"உது எங்களைப்போலை ஆக்களுக்கும் உண்டோ சேர்? நான் ஓ.எல்.லோடை விட்டனான். பழைய மாணவன் எண்டு சொல்லலாமோ?"

அன்பர்களே, இக்கேள்வியை நான் மட்டும் கேட்டுவிட்டு இருந்துவிட விரும்பவில்லை. நம் மண்டபச் சுவரிலே பொன்னெழுத்திற் பொறித்த பெயர்கள் பல உள. வைத்தியரும் பொறியியலாளரும் நிருவாகிகளும் ஆகிய அப்பெயர்களால் நாம் பெருமை அடைகிறோம், அடையத்தான் வேண்டும். ஆனால் அதே வாங்குகளில் இருந்து, அதே மணியோசைக்கு எழுந்து, அதே தேவாரத்தைப் பாடி, ஒரு பாடத்திலே தவறியதனால் படலையைத் தாண்டிப் போனவர் எத்தனை பேர்! அவர்களுக்கு நாம் அழைப்பு அனுப்புவதில்லை. அவர்களும் வருவதில்லை. தமக்கு இங்கே இடமில்லை என்று அவர்கள் எண்ணுகிறார்கள்; அவ்வாறு எண்ணும்படி நம்மில் ஒருவர் என்றோ ஒருநாள் வகுப்பிலே எதையோ சொல்லியிருப்போம். நான் சொன்னேன். மற்ற ஆசிரிய நண்பர்கள் தத்தம் நினைவைத் தாமே தேடிப் பார்க்கட்டும்.

இப்போது நான் ஒப்படைக் கொப்பிகளை இறுதிவரை வாசித்த பின்னரே சிவப்புப் பேனையை எடுக்கிறேன். பிழைகளைத் திருத்தாமல் விடுவதில்லை. லகரம் லகரமே, ளகரம் ளகரமே. ஆனால் எவருடைய பிழையையும் வகுப்பிற்கு வாசித்துக் காட்டுவதில்லை. இதனால் என் மாணவர்களின் பெறுபேறு உயர்ந்துவிட்டதென்று நான் சொல்லமாட்டேன். கொப்பிகள் வீடு வந்து சேர முன்னையிலும் நேரமாகிறது. கட்டுரைகள் முன்னையிலும் சற்று நீளமாய் இருக்கின்றன. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அன்றிரவு அவருக்கு நான் சொன்ன மறுமொழி ஒரு படிவமும் ஒரு பேனையும். அவர் கதிரையில் இருந்து, பெயரையும் முகவரியையும் படித்த ஆண்டுகளையும் நிதானமாக எழுதினார். 'தொழில்' என்ற இடம் வந்ததும் பேனை நின்றது.

"இதிலை என்ன எழுதிறது சேர்? வெதுப்பகம் எண்டு எழுதவோ, பேக்கரி எண்டு எழுதவோ?"

"உமக்கு எது சரியென்று படுகிறதோ அதை எழுதும்" என்றேன்.

சற்று யோசித்துவிட்டு, 'பாண் போடுதல்' என்று எழுதினார்.